பேராசிரியர் மகலனோபிஸும் பதினைந்து மொழிப் படிவங்களும்

சென்ற ஆண்டு எங்கள் புள்ளியியல் துறை மாணவர்கள் எர்ணாவூரில் ஒரு குடும்ப வருமானக் கணக்கெடுப்பு நடத்தினோம். எர்ணாவூர் நான் பிறந்து வளர்ந்த ஊராதலால் வழிகாட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாய், நடுவே தொழிற்சாலைகளுக்குப் போகும் கனரக வண்டிகளின் புழுதி. இதுதான் எங்கள் ஊர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரத்திலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்கள் இங்கே ஏராளம். தமிழ் பேசுவோர் பலர். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவோர் சிலர். அண்மைக்காலத்தில் வேலை தேடி வந்த வடபுலத்து இளைஞர்களும் உளர். ஆகவே படிவத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் அச்சிட்டோம். அதைப் பார்த்து எங்களுக்கே கொஞ்சம் பெருமை.

படிவங்கள் நிரம்பி வந்ததும் சண்டை தொடங்கியது. எந்தப் பொறியில் போட்டுக் கணக்கிடுவது என்பதே சண்டை. ஒரு குழு பைத்தானில் எழுதியிருந்தது. இன்னொரு குழு ஜாவாவில். மூன்றாவது குழு எக்செல் தாளிலேயே எல்லாம் முடியும் என்றது. அப்பாச்சி பீம் என்னும் அமைப்பைப் பற்றி எங்கள் மூத்த மாணவர் ஒருவர் ஒரு மாலை முழுதும் விளக்கினார். அதில் தரவின் செயல்வரிசையை ஜாவா, பைத்தான், கோ முதலிய மொழிகளில் எழுதலாம். ஒரு மொழியில் எழுதிய வரிசைக்குள் மற்றொரு மொழியில் எழுதிய படியைச் செருகவும் செய்யலாம். எழுதி முடித்ததை ஃபிளிங்க், ஸ்பார்க், கூகுளின் டேட்டாஃப்ளோ என்று பல இயக்கப் பொறிகளுள் நாம் விரும்பும் ஒன்றில் ஓட்டலாம். இந்த மூன்றில் எது சிறந்தது என்பதிலேயே இரண்டு வாரம் கழிந்தது. எங்களிடம் இருந்தவையோ இருநூறு படிவங்கள்கூட இல்லை!

பேராசிரியை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே தெருவுக்குச் சென்ற இரண்டு அணிகளின் படிவங்களை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே தெரு, அதே மீன் விற்கும் பெண்கள். ஓர் அணியின் கணக்கில் வருமானம் மற்ற அணியின் கணக்கைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. காரணம் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, காசிமேட்டு ஏலத்தில் அவர்கள் மீனைக் கூடைக்கணக்கில் எடுக்கிறார்கள். தெருவில் கூறு போட்டு விற்கிறார்கள். ஓர் அணி கூடை என்றால் எல்லாம் ஒரே கூடை என்று எழுதிவிட்டது. பெரிய கூடையும் உண்டு, சின்னக் கூடையும் உண்டு என்று என் வீட்டுப் பக்கத்து ஆயா சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் அதே ஊர்க்காரன். நான் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

பேராசிரியை எங்களைக் கடியவில்லை. மகலனோபிஸ் வாழ்க்கையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். தேர்வுக்கு மகலனோபிஸ் தொலைவு என்னும் சூத்திரத்தை நெட்டுருப் போட்ட எங்களுக்கு அப்பெயர் புதிதன்று; மனிதர்தாம் புதியவர். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு பிரம்ம சமாசக் குடும்பத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். இலண்டனில் படிப்பதாகவே எண்ணம். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், இலண்டன் திரும்பும் கடைசி வண்டியைத் தவறவிட்டார். நண்பர் வீட்டில் தங்கினார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைக் கண்டு மயங்கி, அடுத்த நாளே அக்கல்லூரியில் இடம் கேட்டுப் பெற்றார். வண்டியைத் தவறவிட்டதால் நன்மை பெற்றவர்களின் பட்டியலில், எங்கள் எண்ணூர் மார்க்கத்து மின்வண்டி மாணவர்கள் இவரை முதலில் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழர்களாகிய நமக்கு அவருடைய கேம்பிரிட்ஜ் நாட்கள் இனிக்கக் காரணம் ஒன்றுண்டு. 1914இல் சென்னைத் துறைமுகக் கழகத்து எழுத்தர் சீனிவாச இராமானுசன் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் நண்பராயினர். குளிரில் நடுங்கிக்கொண்டு மேலங்கியோடும் சால்வையோடும் படுத்த இராமானுசனின் படுக்கையை மகலனோபிஸ் பார்த்தாராம். கம்பளிகள் எல்லாம் விரிப்புக்கு அடியில் ஒழுங்காகச் செருகப்பட்டு, தொடப்படாமலே கிடந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது நம்மவருக்குத் தெரியாது. மகலனோபிஸ்தாம் விரித்துக் காட்டினார். இன்னொரு நாள் ஸ்டிராண்ட் இதழில் வந்த வீட்டு எண் புதிர் ஒன்றை அவர் படிக்க, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டே இராமானுசன் ஒரு தொடர்பின்னத்தால் எல்லா விடைகளையும் ஒருசேரச் சொன்னார். மகலனோபிஸ் முயன்று பார்த்துக் கண்டது ஒரே ஒரு விடை. உண்மையான கணித மேதை எப்படி இருப்பார் என்பதை இளமையிலேயே அருகிருந்து கண்டவர் அவர். தம் வழி வேறு என்பதையும் அப்போதே உணர்ந்திருப்பார் என்று நான் எண்ணுகிறேன்.

1915இல் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறித் தாயகம் திரும்பும்போது, கல்லூரி ஆசிரியர் ஒருவர் காட்டிய பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்தார். அன்று பிடித்த பித்து வாழ்நாள் முழுதும் தீரவில்லை. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக வேலை. அதே கட்டடத்தில் ஓர் அறையில் புள்ளியியல் ஆய்வகம். அந்த அறையிலிருந்தே 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் முளைத்தது. 1933இல் சாங்கியா என்னும் ஆய்விதழ் தொடங்கியது. நாம் நெட்டுருப் போடும் தொலைவுச் சூத்திரம் 1936இல் வெளிவந்தது. 1945இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். தாகூருக்கு அணுக்கமானவர், விசுவபாரதியின் செயலாளராகவும் பணியாற்றினார். இவற்றை விரிக்கப் புகுந்தால் மலர் முழுதும் போதாது.

நான் நின்று படித்த இடம் சணல் கணக்கெடுப்பு. வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்று அறிய 1937 முதல் அவர் சோதனை ஆய்வுகள் நடத்தினார். நாடு முழுதும் ஒவ்வொரு வயலையும் எண்ணாமல், குலுக்கி எடுத்த சில இடங்களை மட்டும் எண்ணி முழுமையை மதிப்பிடுவதே முறை. ஆனால் எண்ணுபவன் தவறினால்? சோம்பலால் மரத்தடியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினால்? அதற்கு அவர் கண்ட வழி எளியது. ஒரே பகுதிக்கு ஒன்றையொன்று அறியாத இரண்டு அணிகளை, தனித்தனிக் கூறுகளோடு அனுப்பினார். இரண்டின் விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகினால் எங்கோ பிழை. ஊடுருவும் கூறுகள் என்று இதைப் பாடநூலில் இரண்டு மதிப்பெண் வினாவாகப் படித்திருக்கிறோம். எங்கள் பேராசிரியை மேசைமேல் இரண்டு அணிகளின் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாரே, அது இதுதான். அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் அவர் கண்முன் நடந்தது. பஞ்சத்தின் பின்விளைவுகளை அவருடைய நிறுவனம் கிராமம் கிராமமாக ஆராய்ந்தது. எவ்வளவு நெல் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று காலத்தில் அறியாத அரசு மக்களை எப்படிச் சாகவிடும் என்பதைக் கண்டவருக்குப் புள்ளிவிவரம் வெறும் கல்லூரிப் பாடமாக இருந்திருக்க முடியாது.

விடுதலைக்குப் பின் 1949இல் அவர் நடுவண் அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகரானார். ஊதியம் பெறாத பதவி. 1950 அக்டோபரில் தேசிய மாதிரி ஆய்வின் முதல் சுற்று தொடங்கியது. நாட்டில் இருந்த ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களுள் 1,833 தேர்ந்தெடுக்கப்பட்டன. என் கதையும் அவர் கதையும் சந்திக்கும் இடம் இதுவே. அந்த ஆய்வை 15 மொழிகளில் நடத்த வேண்டியிருந்தது. நில அளவைகள் மட்டும் 140 வகை. எடை முறைகள் 180 வகை. மெட்ரிக் முறை 1958இலிருந்துதான் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1950இல் அந்தத் துணையும் இல்லை. தஞ்சை விவசாயி மா என்பார், வேலி என்பார், சென்னையில் கிரவுண்ட், கொங்கு நாட்டில் ஏக்கரும் செண்டும். நெல் என்றால் படி, மரக்கால், கலம்; அதிலும் ஓர் ஊர்ப் படி மற்றோர் ஊர்ப் படியன்று. தமிழ்நாட்டிலேயே இத்தனை என்றால் அஸ்ஸாமிலிருந்து திருவிதாங்கூர் வரை எத்தனை!

கூடை விஷயத்தில் நாங்கள் செய்த பிழையை இருபத்தெட்டால் பெருக்கி, நாடு முழுதும் விரித்துப் பாருங்கள்.

இந்தப் படிவங்கள் கல்கத்தாவுக்கு வந்தபின் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் எழுத்தர்கள் படிவத்தைச் சரிபார்ப்பார்கள். பிறகு உள்ளூர் அளவைகள் பொது அளவைக்கு மாற்றப்படும். பயிர், தொழில், உறவுமுறை, உண்ட பண்டம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் இடப்படும். அரிசி என்றாலும் பிய்யம் என்றாலும் சால் என்றாலும் சாவல் என்றாலும் அங்கே ஒரே எண்தான். அந்த எண்கள் அட்டையில் துளையாகும். துளையிட்டது சரிதானா என்று மற்றொருவர் அதே படிவத்தை வைத்துக்கொண்டு மீண்டும் சோதிப்பார். பிறகே அட்டைகள் பிரிக்கும் பொறிக்கும் தொகுக்கும் பொறிக்கும் போகும். மொழி முடிந்து எண் தொடங்கும் எல்லை அந்தக் குறியெண் மேசைதான். அங்கே தவறினால் பின்னால் எவ்வளவு விரைவான பொறி இருந்தாலும் தவறு விரைவாகப் பெருகுமே தவிரத் திருந்தாது.

இனிப் பொறியின் கதை. அட்டைப் பொறிகளாலும் கைக்கணக்குப் பொறிகளாலும் சமாளிக்க முடியாத அளவுக்கு அட்டைகள் மலையாகக் குவிந்தன. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு வேலையும் அவரிடம் வந்தது. மேலைநாடுகளில் மின்னணுக் கணிப்பொறிகள் பிறந்துவிட்ட செய்தியை அவர் அறிந்திருந்தார். நிறுவனத்திலேயே 1953இல் சமரேந்திர குமார் மித்ரா, பத்து மாறிகள் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் சிறிய ஒப்புமைப் பொறி ஒன்றைச் செய்திருந்தார். அது போதாது. அமெரிக்காவின் யூனிவாக் பொறியைப் பெற மகலனோபிஸ் பெரிதும் முயன்றார். பனிப்போர்க் காலம் அது. சோவியத் நாட்டோடு பழகும் ஒரு நிறுவனத்துக்கு இத்தகைய பொறியைத் தருவதா என்ற ஐயம் அங்கே எழுந்தது. கிடைக்கவில்லை.

கிடைத்தது பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் கம்பெனியின் எச்.இ.சி.2எம். விலை ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபாய் என்பர். 1955இல் கல்கத்தா வந்து, 1956இல் வேலை தொடங்கிய அதுவே இந்தியாவில் இயங்கிய முதல் இலக்கமுறைக் கணிப்பொறி. காந்த உருளையில் 1,024 சொற்கள் மட்டுமே அதன் நினைவகம். இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியின் ஒரு நிழற்படம் அதில் கொள்ளாது. ஆயினும் அந்தத் தேர்வு வெறும் கிடைத்ததைக் கொள்ளும் தேர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. எச் என்ற எழுத்து ஹாலரித்தைக் குறிக்கும். துளை அட்டை முறைக்குத் தந்தையானவரின் பெயர் அது. அட்டைப் பொறி விற்ற கம்பெனியின் கணிப்பொறி அட்டையைத்தான் தின்னும். நிறுவனத்தில் குவிந்து கிடந்தவையும் அட்டைகளே. இருக்கும் தரவுக்குப் பொருந்தும் பொறி அது.

இரண்டாண்டு கழித்து ஐக்கிய நாடுகளின் தொழில்நுட்ப உதவியின் வழியே சோவியத்தின் உரால் கணிப்பொறி வந்தது. உடன் சோவியத் பொறியாளர்களும் வந்தனர். ஒரே வளாகத்தில் ஆங்கிலேயப் பொறி ஒன்று, இரஷ்யப் பொறி ஒன்று! ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. ஃபோர்ட்ரான் போன்ற பொதுமொழி எதுவும் அவற்றில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பொறிமொழியில் எண் எண்ணாக எழுத வேண்டும். எச்.இ.சி.க்கு எழுதிய நிரலை உராலில் ஓட்ட வேண்டுமானால் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். ஒன்று அட்டை கேட்கும். மற்றது துளையிட்ட நாடா கேட்கும். இதை எண்ணும்போதுதான் எங்கள் மூத்த மாணவர் விளக்கிய பீம் எதற்காகப் பிறந்தது என்பது எனக்குப் புரிந்தது. ஒருமுறை எழுதி எந்தப் பொறியிலும் ஓட்டலாம் என்ற ஆசை அந்த வளாகத்து நிரலாளர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருந்திருக்கும். இன்று அந்த ஆசை பெருமளவு நிறைவேறிவிட்டது. பெருமளவு என்றுதான் சொல்ல வேண்டும். ஃபிளிங்க் தரும் வசதி எல்லாம் ஸ்பார்க்கில் அப்படியே கிடைப்பதில்லை. ஜாவாவிலிருந்து பைத்தானுக்குத் தரவு தாண்டும்போது மூட்டை கட்டி அனுப்பி அவிழ்க்கும் செலவும் உண்டு. அப்படித் தாண்டும் தரவு இருமொழிக்கும் பொதுவான ஒரு குறியீட்டில் இருந்தாக வேண்டும். குறியெண் மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறது, எழுத்தர்தாம் இல்லை.

இந்தக் காலத்தில் பம்பாயில் ஹோமி பாபாவின் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழி சென்றது. வாங்குவதைவிட நாமே கட்டுவோம் என்று அங்குள்ளோர் 1960இல் டிஃப்ராக் கணிப்பொறியை இயக்கிக் காட்டினர். எது சரி? என் துறைத் தோழர்களுக்குள் இதிலும் இரு கட்சி. நான் மகலனோபிஸ் பக்கம். அட்டைகள் காத்துக் கிடந்தன; பொறியைக் கட்டி முடிக்கும் வரை நாட்டின் கணக்கை நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் அவரும் கட்டுவதைக் கைவிடவில்லை. 1966இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவருடைய நிறுவனம் ஐ.எஸ்.ஐ.ஜே.யூ.-1 என்னும் டிரான்சிஸ்டர் கணிப்பொறியை உருவாக்கியது. அதற்கு முன் 1964இல் ஐ.பி.எம். 1401 வந்திருந்தது. இத்தனை பொறி மாறியும், படிவம், குறியெண், இரட்டை அணி என்னும் வரிசை மாறவில்லை.

அவரைப் பற்றிய குறைகளையும் மறைக்கலாகாது. தேசிய மாதிரி ஆய்வின் அறிக்கைகள் பல ஆண்டுகள் கழித்தே அச்சேறின. விலைவாசி மாறிய பின் பழைய விலையின் பட்டியல் வந்தது என்று குறைகூறினர். பயிர் வெட்டும் ஆய்வில் நிலத்துண்டின் அளவு குறித்து பி.வி. சுகாத்மேயுடன் நெடுநாள் கருத்துப் போர் நடத்தினார். இரண்டாம் திட்டத்தில் கனரகத் தொழிலுக்கு முதலிடம் தந்த அவருடைய மாதிரியைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. அந்த நாற்கூறு மாதிரிக்குச் சமன்பாடுகள் சிலவே. தாளும் பென்சிலும் போதும். பெரிய பொறி தேவைப்பட்டது திட்டத்துக்கன்று, மக்களின் அன்றாடச் சோற்றுக் கணக்குக்கே என்று நான் சொன்னால் பொருளியல் துறை நண்பர்கள் கோபிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் தம் கைக்குள்ளேயே வைத்திருப்பவர் என்ற பேரும் அவருக்கு உண்டு. 1968இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1970களின் தொடக்கத்தில் மாதிரி ஆய்வு நிறுவனத்தின் கையிலிருந்து அரசுத் துறைக்கு மாறியது. தாம் பெற்று வளர்த்த பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பும் வேதனை அவருக்கு இருந்திருக்கும். 1972 ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்திய நாள், கல்கத்தாவில் காலமானார். அவருடைய பிறந்தநாளை 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

எங்கள் கணக்கெடுப்பு என்னவாயிற்று என்று சிலர் கேட்பர். மூன்று மொழிப் படிவத்துக்கும் ஒரே குறியெண் பட்டியல் எழுதினோம். அதற்கே ஒரு மாதம் பிடித்தது. விடியற்காலையில் காசிமேடு போய், நான்கு வகைக் கூடைகளைத் தராசில் வைத்து எடை எழுதி வந்தோம். ஆயா கூட வந்து, எது எந்தக் கூடை என்று சொல்லித் தந்தார். பொறியைப் பற்றிய சண்டை தானாகவே அடங்கிவிட்டது. துறை அறையிலுள்ள பழைய கணிப்பொறியிலேயே பைத்தான்காரரும் ஜாவாக்காரரும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தனர், விடை ஒன்றாகவே வந்தது. ஆனால் இரண்டு அணிகளின் விடைகள் ஒரு தெருவில் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. கருவாட்டை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. வரும் ஞாயிறன்று மறுபடியும் போகிறோம்.